ஐந்தரை மணி நேரப் பிழை

கணினியின் கடிகாரம் தப்பாக ஓடினால், எவ்வளவு தப்பு என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பல வருடம் பழைய தேதி காட்டினால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றிவிடலாம். பிழை மிகச்சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் பேட்டரிமேல் குற்றமில்லை. அதற்காகக் காசு செலவழிக்காதீர்கள். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் என்பது தமிழ்நாட்டின் சாதாரண வீடுகளுக்கு வந்தது 2011இல். அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே படித்த பிள்ளைகள் பலருக்கு அதுவே வீட்டின் முதல் கணினி.

கணினியை அணைத்த பிறகும் அதற்குள் ஒரு சின்னக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் அதன் உயிர். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக 1 வரும். நொடி பிறப்பது அப்படித்தான். இந்தக் கடிகாரத்துக்கு மணி தெரியும், தேதி தெரியும். அது எந்த ஊர் மணி என்பது மட்டும் தெரியாது.

சிக்கல் அங்கேதான். டாஸ் காலத்துப் பழக்கப்படி விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. காலை 10 மணிக்கு விண்டோஸ் ‘10.00’ என்று எழுதிவிட்டு மூடுகிறது. அடுத்து வரும் லினக்ஸ் அதைப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்காக ஐந்தரை மணி கூட்டி, பிற்பகல் 3.30 என்கிறது. இணையத்தைப் பார்த்து லினக்ஸ் திருத்திக்கொண்டு, பொது நேரப்படி ‘4.30’ என்று எழுதிவைத்தால், விண்டோஸ் திரும்பி வந்து விடிகாலை 4.30 என்கிறது. லினக்ஸில் முந்துகிறது, விண்டோஸில் பிந்துகிறது என்றால் நோய் இதுவேதான். இரண்டுமே தத்தம் கணக்கில் சரியாகத்தான் நடக்கின்றன என்பதே எனக்கு இதில் பெரிய வியப்பு.

அந்த ஐந்தரை மணியும் ஓர் ஏற்பாடுதான். இந்திய நேரம் மிர்சாப்பூர் அருகே செல்லும் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேற்கே இருக்கும் அம்மாபேட்டையில் சூரியன் உச்சிக்கு வரச் சராசரியாக 12.17 ஆகிவிடும்.

தீர்வு எளிது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ என்ற மதிப்பைச் சேர்த்து 1 ஆக்கலாம். அல்லது லினக்ஸில் நேரத்தைச் சரிசெய்துவிட்டு, ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்ற கட்டளையைக் கொடுக்கலாம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி தள்ளிவைக்கும் நாடுகளில் இந்த இரண்டாவது வழி குழப்பம் தரும். இந்தியாவில் அந்த வழக்கம் இல்லாததால், ரெஜிஸ்ட்ரியைத் தொட அஞ்சுகிறவர்கள் தயங்காமல் இதையே செய்யலாம்.

ஏதாவது ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரண்டையும் மாற்றினால் அதே ஐந்தரை மணி நேரப் பிழை திசை மாறி மறுபடி வந்து நிற்கும்.