பெயரில்லா அச்சம்: ‘பிரேத மனிதன்’ என்னும் தலைப்பை முன்வைத்து

அச்சம் எவற்றால் பிறக்கும் என்பதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. இந்நான்கிற்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. தான் எதற்கு அஞ்சுகிறோம் என்பதை அஞ்சுபவன் அறிவான். புலி என்றோ கள்வன் என்றோ அரசன் என்றோ அதற்குப் பெயர் சொல்ல முடியும். 1818ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ஒரு புதினமோ பெயர் சொல்ல முடியாத ஓர் அச்சத்தை நடுவில் நிறுத்தியது. அது மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’. புதுமைப்பித்தன் அதனைத் தமிழாக்கி, 1943இல் ‘பிரேத மனிதன்’ என்னும் தலைப்பில் தந்தார். அத்தலைப்பிலுள்ள இரண்டு சொற்களை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். புதினத்தைச் சுவைப்பதற்கு அவையே நல்ல வாயில் என்பது நம் கருத்து.

கதையை அறியாத மாணவர்களுக்காகச் சில சொற்கள். விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன் பிணவறுப்புக் கூடத்திலும் இறைச்சிக் கொட்டிலிலும் உறுப்புகளைத் திரட்டி, ஓர் உருவம் சமைத்து, அதற்கு உயிரூட்டுகிறான். கண் திறந்த கணமே அதனை வெறுத்து ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அவ்வுயிர் மனிதரிடையே இடம் தேடி, இடம் கிடைக்காமல் கொலையில் இறங்குகிறது. படைத்தவனும் படைக்கப்பட்டவனும் ஒருவரையொருவர் துரத்தி வடதுருவப் பனிவெளியை அடைகிறார்கள். ‘பிராங்கன்ஸ்டைன்’ என்பது படைத்தவனின் பெயர். அதனைப் படைக்கப்பட்டவனுக்குச் சூட்டும் வழக்கம் உலகெங்கும் பரவிவிட்டது. மேரி ஷெல்லி அவனுக்குப் பெயரே வைக்கவில்லை.

நூல் பிறந்த கதையில் நம் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. 1815 ஏப்ரலில் சும்பாவா தீவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் முழக்கம் சுமத்திரா வரை கேட்டது. அது வானில் எறிந்த நுண்துகள்கள் கதிரவனின் வெப்பத்தைத் தடுத்தமையால், 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவில் கோடை இல்லாத ஆண்டாயிற்று. அந்த மழைநாள்களில் ஜெனீவா ஏரிக்கரை மாளிகையில் அடைபட்டிருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். பதினெட்டு வயது மேரி எழுதத் தொடங்கியதே இப்புதினம். மலாய்த் தீவுக்கூட்டத்து மலையொன்று வெடித்ததற்கும் ஐரோப்பியப் புதினம் ஒன்று பிறந்ததற்கும் இடையே இப்படியோர் இழை ஓடுகிறது.

விந்தைக் கதை மரபின் பெரும்புள்ளியாகிய லவ்கிராப்ட், 1927இல் வெளிவந்த தம் கட்டுரையில் இப்புதினத்தின் அறவுரைச் சாயலைச் சுட்டினாலும், அண்டப் பேரச்சத்தின் மெய்யான தீண்டல் இதில் உண்டு என ஒப்புக்கொண்டார். மனித அறிவின் கணக்குகளுக்குள் அடங்காத ஒன்றின் முன் நிற்கும்போது எழும் அச்சத்தையே அவர் அவ்வாறு குறித்தார்.

தமிழ்ப் பேய்கள் அத்தகையவை அல்ல. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் பசியால் வாடுகின்றன. போர்க்களத்தில் கூழ் அட்டுப் பரிமாறி உண்கின்றன. நம்மைச் சிரிக்கவும் வைக்கின்றன. காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றவர். தம் பாடல்களில் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். ஊர்ப்புறத்துப் பேயோட்டியை நினைத்துப் பாருங்கள். அவர் கேட்கும் முதற்கேள்வி, ‘நீ யார், எந்த ஊர்?’ என்பது. நம் பேய்க்கு ஊர் உண்டு, உறவு உண்டு, நிறைவேறாத ஏக்கம் ஒன்று உண்டு. பேய் விடை சொல்லிவிட்டால் பாதி அச்சம் தீர்ந்துவிடும்.

விக்டர் படைத்த உயிரிடம் அக்கேள்வியைக் கேட்டால் விடை கிடைக்காது. அவன் ஒருவருடைய உடல் அல்லன்; பலருடைய உறுப்புகள். எனவே இறந்துபோன எவருடைய ஆவியும் அல்லன். முன்னோரும் இல்லை, ஊரும் இல்லை. பேயோட்டி கேட்கவேண்டிய கேள்வியை இப்புதினத்தில் அவனே தன்னிடம் கேட்டுக்கொள்கிறான். நாம் படித்தவற்றுள் இதைவிட நடுங்க வைக்கும் இடம் வேறு உண்டா என ஐயுறுகிறோம்.

இப்போது தலைப்புக்கு வருவோம். ‘பிணம்’ என்பது உடலை மட்டும் குறிக்கும். ‘பிரேதம்’ வடமொழியில் ‘பிரிந்து சென்றது’ என்னும் பொருளது. சடலத்தையும் குறிக்கும், முன்னோருடன் இன்னும் சேராத உயிரையும் குறிக்கும். இரண்டுக்கும் இடையில் நிற்கும் ஒன்றுக்கு இடைப்பட்ட சொல்லே பொருந்தியது. அடுத்து, சொற்களின் வரிசையைப் பாருங்கள். ‘மனிதப் பிரேதம்’ என்றால் ‘கிடந்தது’ என்று முடிப்போம். ‘பிரேத மனிதன்’ என்றால் ‘வந்தான்’ என்றே முடித்தாகவேண்டும். தமிழில் இத்தகைய தொகையின் திணையை முடிவு செய்வது பின்மொழி. அஃறிணைச் சொல்லை முன்னும் உயர்திணைச் சொல்லைப் பின்னும் வைத்ததன் மூலம், விக்டர் இறுதிவரை தர மறுத்த இடத்தைத் தமிழ்த் தலைப்பு அட்டையிலேயே தந்துவிடுகிறது. புதுமைப்பித்தன் இதனை எண்ணிச் செய்தாரா என்பது நமக்கு முதன்மையன்று. தமிழில் பெயரிட முனைபவர் எவரும் திணையைத் தீர்மானிக்காமல் தப்ப முடியாது.

ஆங்கில மூலத்தில் இத்தடுமாற்றம் வேறு வகையில் தெரிகிறது. உயிர் வரும் கணத்தில் அஃறிணைச் சுட்டுப்பெயர் வருகிறது. அடுத்த பத்தியிலேயே, உறுப்புகளின் அழகையும் விகாரத்தையும் விவரிக்கும்போது, ஆண்பால் சுட்டுப்பெயர் வந்துவிடுகிறது. இக்கட்டுரையிலும் கதைச்சுருக்கத்தில் முதலில் ‘அது’ என்றோம். பிறகு ‘அவன்’ என்றோம். மாணவர்கள் கவனித்திருப்பீர்கள். மலாய் மொழியின் ‘டியா’ ஆண், பெண் வேறுபாடு காட்டாது. இம்மூன்று மொழிகளிலும் புழங்கும் நம் மாணவர்களுக்குத் திணை என்பது தேர்வில் எழுதும் விதி மட்டுமன்று என்பதை உணர்த்த, இப்பகுதியைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது.

மொழியியலார் என்ற முறையில் நம்மை மிகவும் ஈர்ப்பது புதினத்தின் நடுப்பகுதி. காட்டுக் குடிசையொன்றின் பக்கத்துக் கொட்டகையில் ஒளிந்திருக்கும் அவன், சுவரின் இடுக்கு வழியாக ஒரு குடும்பத்தைக் கண்டும் கேட்டும் மொழி கற்கிறான். நெருப்பு, பால், ரொட்டி, விறகு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களே அவன் முதலில் பிடித்துக்கொண்டவை. பிறகு அவ்வீட்டாரின் பெயர்கள். ‘நல்ல’, ‘துயரமான’ போன்ற பண்புச் சொற்கள் ஒலியாகக் காதில் விழுகின்றன, பொருள் பிடிபடவில்லை. கைக்கு அகப்படும் பொருளின் பெயர் முன்னும் பண்பின் பெயர் பின்னும் என்னும் இவ்வரிசை எவ்வளவு இயல்பானது என்பதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். அவ்வீட்டுக்கு வந்த அயல்நாட்டுப் பெண்ணுக்குப் பிரெஞ்சு கற்பிக்கப்படுகிறது. அவளுக்கான பாடத்தைச் சுவருக்கு இப்பால் இருந்து இவனும் கேட்கிறான். அவளினும் விரைவாகத் தேறுகிறான். மில்டனையும் புளூட்டார்க்கையும் படிக்கிறான்.

பிறகு, வீட்டார் வெளியே சென்ற வேளை பார்த்து, பார்வையற்ற முதியவர் முன் சென்று அமர்ந்து பேசுகிறான். முதியவருக்குக் கேட்பது குரலும் மொழியும் மட்டுமே. அவர் அவனை மனிதனாகவே நடத்துகிறார். சற்று நேரம் அவன் ஐயமற உயர்திணை. மக்கள் திரும்பி வருகிறார்கள். கண்கள் அவனைக் காண்கின்றன. மகன் தடியால் அடிக்கிறான். மொழி ஈட்டித் தந்ததை உருவம் பறித்துக்கொள்கிறது.

தொல்காப்பியத்தின் நான்காவது அச்சம் தம் இறைக்கு அஞ்சுவது. இங்கே அது தலைகீழாகிறது. படைத்த இறைவனே தன் படைப்புக்கு அஞ்சி ஓடுகிறான். படைப்போ இறைவனைத் தேடிவந்து, தன் கதையைக் கேட்குமாறு பனிமலையில் மன்றாடுகிறது.

முழு நூலையும் படிக்க நேரமில்லாதவர்கள், 1831ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் 11 முதல் 16 வரையிலான இயல்களையேனும் படிக்கவேண்டும். அவை அவனே தன் வாயால் சொல்வன. வகுப்பில் அவற்றுள் ஒரு பத்தியைத் தமிழாக்கித் தருமாறு மாணவர்களைக் கேட்கலாம். அப்படியே கடைசிப் பக்கத்தையும் தரலாம். அங்கே கப்பலின் சாளரத்திலிருந்து பனிக்கட்டியின் மேல் குதிக்கும் அவனை அலைகள் இருளுக்குள் கொண்டுபோகின்றன. அவ்விடத்தில் யார் ‘மறைந்தான்’ என எழுதினார்கள், யார் ‘மறைந்தது’ என எழுதினார்கள் என்று பாருங்கள். ஏன் என்றும் கேளுங்கள்.