பெட்டி சொல்லாததை வோல்ட் சொல்லும்

காருக்கான போலி ஆக்சிஜன் சென்சாரைப் பெட்டியை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது கடினம், ஹாலோகிராமையும் அச்சடித்துவிடுகிறார்கள். ஆனால் உள்ளிருக்கும் சிர்கோனியா பீங்கானையும் பிளாட்டினப் பூச்சையும் மலிவாகச் செய்ய முடியாது. புகையில் ஆக்சிஜன் குறைந்தால் சுமார் 0.9 வோல்ட், மிகுந்தால் 0.1 என எஞ்சினை ஒட்டிய வழக்கமான சென்சார் விரைந்து மாறிக்கொண்டே இருக்கும். சூடான எஞ்சினில் ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். மட்டமான போலியில் இந்த ஏற்ற இறக்கம் மந்தப்படும்.

“எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டதே” என்பார்கள். சற்றே பிந்தும் சென்சார் விளக்குக்குத் தப்பிவிடலாம்; ஆனால் கலவையில் பெட்ரோல் கூடினால், பல மடங்கு விலையுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரே பாழாகும். மலிவெல்லாம் போலி என்பதும் தவறு: கார் கம்பெனிகளுக்கு சென்சார் தரும் பாஷ், டென்சோ போன்றவை தம் பெட்டியிலும் விற்கின்றன, பெரும்பாலும் குறைந்த விலையில். அங்கீகாரம் பெற்ற கடையில் பில்லோடு வாங்கி, மாட்டியதும் அந்த வோல்ட் அளவைக் காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.