வண்ணத்தில் வந்த கிராமம்
மேடையிலிருந்து திரைக்கு – 7

1950 செப்டம்பர் 7 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் ‘ஷ்வார்ட்ஸ்வால்ட்மேடல்’ திரைக்கு வந்தது. போரில் குண்டு விழுந்து சரிந்த வீடுகள் இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை. அந்த இடிபாடுகளைக் கடந்து வந்து உட்கார்ந்தவர்களின் கண்முன்னே பச்சை மலைச்சரிவும் நீல வானமும் விரிந்தன. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி எடுத்த முதல் வண்ணக் கதைப்படம் அது. ஒரு கோடிக்கும் அதிகமானோர் அதைப் பார்த்தார்கள்.

கதை எளிது. பாடன்-பாடனில் ஒரு நகைக்கடையில் வேலை பார்க்கும் பேர்பலே, மாறுவேட நடன விருந்துக்குக் கிராமத்து உடையில் போகிறாள். ஹான்ஸ் என்ற ஓவியன் அவளிடம் மனதைப் பறிகொடுக்கிறான். பிறகு எல்லோரும் செயின்ட் கிறிஸ்டோஃப் கிராமத்தில் கூடுகிறார்கள். ஸோன்யா ஸீமானும் ருடால்ஃப் ப்ராக்கும் காதலர்கள். ஜோடி மக்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதில், இருவர் பெயரையும் ஒட்டி ‘ஸீப்ராக்’ என்றே அழைத்தார்கள். ஆனால் படத்தின் உயிர் பால் ஹோர்பிகர்தான். இளம்பெண்ணை விரும்பி, பிறகு விட்டுக்கொடுக்கும் முதிய தேவாலய இசை ஆசிரியராக வருகிறார். படத்துக்கு மூலமான ஆபரெட்டா என்ற இசை நாடகத்தின் ஈரம் அந்தப் பாத்திரத்தில்தான் தங்கியிருக்கிறது.

பேர்பலே அணியும் தொப்பியையும் சொல்ல வேண்டும். வெள்ளைத் தொப்பியின் மேல் பெரிய பெரிய சிவப்புக் கம்பளி உருண்டைகள். மணமாகாத பெண்களுக்குச் சிவப்பு, மணமானவர்களுக்குக் கறுப்பு. உண்மையில் குட்டாக், கிர்ன்பாக், ரைஷன்பாக் என்ற மூன்றே ஊர்களின் வழக்கம் இது. இந்தக் கதை மேடையிலும் திரையிலும் பரவப் பரவ, ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைக்காடு முழுவதற்கும் அதுவே அடையாளமாகிவிட்டது.

இத்தனை மகிழ்ச்சிக்கும் மெட்டுப் போட்டவர் படத்தைப் பார்க்க உயிரோடு இல்லை.

லியோன் யெசல் 1871இல் ஸ்டெட்டினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1894இல் கிறிஸ்தவரானார். ஆகுஸ்ட் நைதார்ட் எழுதிய கதைக்கு அவர் இசையமைத்த இந்த ஆபரெட்டா, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 ஆகஸ்டில் பெர்லினில் அரங்கேறியது. அடுத்த ஆண்டுகளில் ஜெர்மன் மேடைகளில் பல்லாயிரம் முறை ஒலித்தது. யெசல் தன்னை முழு ஜெர்மானியராகவே கருதினார். 1932இல் நாஜி சார்புக் கலாச்சார அமைப்பு ஒன்றில் சேரக்கூட விண்ணப்பித்தார். பிறப்பைக் காட்டி மறுத்தார்கள். மறு ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவருடைய படைப்புகளுக்கே தடை விழுந்தது.

யூத வெறுப்பு தன் மக்களை அழிக்கப் பார்க்கும் காலத்தில் தன்னால் வேலை செய்ய முடியவில்லை என்று 1939இல் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். வீட்டுச் சோதனையில் அது சிக்கியது. 1941 டிசம்பரில் கைதானார். கெஸ்டபோவின் சித்திரவதைக்குப் பின், 1942 ஜனவரி 4 அன்று பெர்லின் யூத மருத்துவமனையில் இறந்தார். வயது எழுபது.

அந்தச் சாவுக்கும் வண்ணப் படத்துக்கும் இடையே ஒன்பது வருடம்கூட இல்லை. திரையில் அதன் நிழல்கூட விழவில்லை. களைத்துப்போன மக்களுக்கு ஆறுதல் வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறுதலைத் தந்த இசை யாருடையது, அவருக்கு அந்த நாடு என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் இந்தப் படத்தின் வெற்றியைப் பேசுவது நியாயமில்லை.

வசூலைப் பார்த்த தயாரிப்பாளர்கள் கிராமங்களையும் காடுகளையும் தேடி ஓடினார்கள். இயக்குநர் ஹான்ஸ் டெப்பே மறு ஆண்டே அதே ஜோடியை வைத்து ‘க்ருயூன் இஸ்ட் டீ ஹைடே’ எடுத்தார். கிழக்கே வீடிழந்து வந்த அகதிகளின் துயரம் அதில் நேராகவே பேசப்பட்டது. அடுத்த வாரம் அந்தப் படம்.

(தொடரும்)