பால் போகும் பாதை

'வழங்கல் சங்கிலி முகாமைத்துவம்' என்று வணிகத் துறையினர் பெரிதாகப் பேசிக்கொள்ளும் விடயம் கேட்பதற்குக் கடினமாக இருப்பினும், அதன் உட்பொருள் கிராமத்தவர் எவருக்கும் புதியதல்ல. ஒரு பொருள் உற்பத்தியாகும் இடத்திலிருந்து அதனைப் பாவிப்பவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை எத்தனை கைகள் மாறுகின்றது, எங்கே தங்குகின்றது, எங்கே பழுதாகின்றது, ஒவ்வொரு கையிலும் எவ்வளவு பணம் ஒட்டிக்கொள்கின்றது என்பதே அது. பொருள் ஒரு திசையில் போகின்றது. பணம் எதிர்த்திசையில் வருகின்றது. எவ்வளவு தேவை, எவ்வளவு கையிருப்பு, தரம் எப்படி என்ற செய்தி இரு திசையிலும் போய்வர வேண்டும். இம்மூன்றில் ஒன்று தடைப்பட்டாலும் அடி விழுவது பெரும்பாலும் முதற் கண்ணியில் நிற்கும் உற்பத்தியாளருக்கே.

இதை விளங்கிக்கொள்ள நாம் பாலை எடுத்துக்கொள்வோம். நெல்லை மூடையில் கட்டி வைக்கலாம். வெங்காயத்தைப் பிடியாகக் கட்டித் தூக்கலாம். கறந்த பாலோ வெப்ப நாடுகளில் சில மணித்தியாலங்களில் திரைந்துவிடும். அதிலுள்ள கிருமிகள் சாதகமான சூட்டில் அரை மணிக்கொரு தடவை இரட்டிப்பாகக் கூடியவை. மாடு விடுமுறை எடுப்பதுமில்லை. சந்தை வேண்டாம் என்றாலும் மாலையில் மடி நிறைந்துவிடும். எனவே பால் விற்பவன் பேரம் பேச நேரமில்லாதவன். அவனுடைய பலவீனம் முழுவதும் இதிலேதான் இருக்கின்றது.

இந்தியாவின் குஜராத்திலுள்ள கைரா மாவட்ட விவசாயிகள் 1940களில் இந்நிலையிலேயே இருந்தனர். 1945இல் பம்பாய் நகருக்குப் பால் வழங்கும் அரச திட்டமொன்று தொடங்கியது. 400 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஆனந்த் என்னும் ஊரிலிருந்து பால் புகையிரதத்திற் போயிற்று. நகரத்தார் கொடுத்த விலையில் நல்ல பங்கு இடையில் நின்ற கொம்பனியிடமும் ஒப்பந்தக்காரரிடமும் தங்கியது. 1946 சனவரியில் சமர்க்கா கிராமத்தில் கூடிய விவசாயிகள், தமது சொந்தச் சங்கத்தின் மூலமன்றி வேறு எவருக்கும் பால் கொடுப்பதில்லை எனத் தீர்மானித்தனர். 15 நாள்கள் பம்பாய்க்குப் பால் போகவில்லை. அவ்வருடம் டிசம்பர் 14ஆம் திகதி திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் அவர்களது சங்கம் பதிவாயிற்று. 1948இல் அது பதனிடத் தொடங்கியபோது கிடைத்தது இரண்டு கிராமங்களிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 லீற்றர் மட்டுமே. பின்னாளில் 'அமுல்' எனப் பெயர் பெற்றது இதுவே.

இடைத்தரகரை விலக்கியதோடு தொல்லை தீர்ந்ததென்று பலர் எழுதுவர். எமக்கு அப்படித் தோன்றவில்லை. இடைத்தரகர் போனாலும் அவர் செய்த வேலை போவதில்லை. பாலைச் சேர்க்க, அளக்க, குளிரூட்ட, ஏற்றியனுப்ப, பணத்தைத் திருப்பிக் கொணர யாராவது வேண்டுமல்லவா? அதைச் சங்கம் எப்படிச் செய்தது என்பதிலேதான் பாடம் இருக்கின்றது.

கிராமத்திலே சேகரிப்பு நிலையம். காலையும் மாலையும் அங்கத்தவர்கள் செம்போடும் வாளியோடும் வரிசையில் நிற்பர். ஒருவர் அளப்பார், அகப்பையால் மாதிரி எடுத்து அதன் கொழுப்பு பார்க்கப்படும். அளவுக்கு மட்டுமன்றிக் கொழுப்புக்கும் சேர்த்தே விலை. எருமைப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 6, 7 வரை இருக்கும். பசும்பாலில் 4க்குச் சற்று முன்பின். நீர் கலந்தவர் யாரும் திட்டாமலே தண்டனை பெற்றுவிடுகின்றார். காலைப் பாலுக்கு மாலையிலும் மாலைப் பாலுக்கு மறுநாட் காலையிலும் பணம் கைக்கு வந்தது. ஒரே எருமை வைத்திருக்கும் ஏழைக்கு இது பெரிய காரியம். மாதக்கடைசி வரை காத்திருக்க முடியாதபடியாலேதான் அவர் முன்பு ஒப்பந்தக்காரரின் முற்பணத்தில் மாட்டிக்கொண்டார். பின்னர் குறித்த நேரத்திற்கு லொறி வரும். லொறி பிந்தினால் பால் திரையும் என்பதால் நேரசூசியே இங்கு முகாமைத்துவம்.

இனி மிகப் பெரிய சிக்கலுக்கு வருவோம். எருமை குளிர்காலத்தில் கோடையைப் போல் இரண்டு மடங்கு, சிலவேளை அதற்கும் மேலாகக் கறக்கும். பம்பாயில் தேநீர் குடிப்பவர் தொகையோ அப்படிக் கூடுவதில்லை. நகரத் திட்டம் மிகுதிப் பாலை வேண்டாம் என்றது. அம்மிகுதியை விவசாயி அகப்பட்ட விலைக்குத் தள்ளவேண்டியிருந்தது. வரவும் தேவையும் ஒத்துவராத இடத்தில் யாரோ ஒருவர் அந்த இடைவெளியைச் சுமக்க வேண்டும். அவர் யார் என்பதே எந்தச் சங்கிலியிலும் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி.

சங்கம் தேடிய விடை பால்மா. எருமைப்பாலில் 80 வீதத்துக்கு மேல் நீர். அதை நீக்கிவிட்டால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். எருமைப்பாலைத் தெளிப்பு முறையில் உலர்த்த முடியாதென்று வெளிநாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். 1949இல் ஆனந்துக்கு வந்த பொறியியலாளர் வேர்கீஸ் குரியனும் அவருடைய நண்பர் எச். எம். தலாயாவும் அதை முடியுமென்று காட்டினர். யுனிசெவ் இயந்திரங்களை உதவியது. 1950இல் கொழும்பிலே கருக்கொண்டு அந்நகரின் பெயரையே தாங்கும் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தும் உதவியது. 1955 ஒக்டோபர் 31இல் தொழிற்சாலை திறக்கப்பட்டது. குளிர்காலத்து மிகுதி மாவாகவும் வெண்ணெயாகவும் களஞ்சியத்தில் ஏறியது. அதன்பின் எந்தக் காலத்திலும் எவ்வளவு பாலையும் ஏற்போம் என்று சங்கம் சொல்லக்கூடியதாயிற்று.

யப்பானின் ரொயோற்றா நிறுவனத்தார் கையிருப்பை ஒரு நோயாகக் கருதினர். வேண்டிய உதிரிப்பாகம் வேண்டிய வேளையில் மட்டும் வரவேண்டும் என்பது அவர்களது முறை. அது சரியே, வாகன உற்பத்தியை ஒரே சீராக வைத்திருக்க மனிதனால் முடியும். எருமையிடம் அதைக் கேட்க முடியாது. ஆகவே பால் விடயத்தில் மணிக்கணக்கில் பார்த்தால் ரொயோற்றாவின் வேகமும், பருவக்கணக்கில் பார்த்தால் பழைய நெற்களஞ்சியத்தின் நிதானமும் ஒருங்கே தேவைப்பட்டன. எல்லாத் தொழிலுக்கும் ஒரே சூத்திரம் சொல்லும் புத்தகங்களை நாம் இதனாலேயே சற்று ஐயத்தோடு படிக்கின்றோம்.

சங்கிலி முன்னோக்கி மட்டுமன்றிப் பின்னோக்கியும் நீண்டது. மிருக வைத்தியமும் செயற்கைச் சினைப்படுத்தலும் கிராமத்துக்கு வந்தன. 1964இல் கஞ்சரியில் கால்நடைத் தீவனத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1970 முதல் 1996 வரை நடந்த 'வெண்மைப் புரட்சி'த் திட்டம் இம்முறையை இந்தியாவெங்கும் பரப்பியது. புகையிரதத் தாங்கிகள் பால் மிகுந்த பிரதேசத்திலிருந்து குறைந்த பிரதேசத்துக்கு ஓடின.

குறை சொன்னவர்களும் உண்டு. ஐரோப்பா நன்கொடையாகக் கொடுத்த பால்மாவையும் வெண்ணெய் எண்ணெயையும் விற்ற பணத்தில் நடந்த திட்டம் இது என்றனர். பணம் வந்த வீட்டிலே பிள்ளைக்குப் பால் குறைந்தது என்றனர். இவை தள்ளிவிடக்கூடிய பேச்சுகள் அல்ல. மேலும், புல் வெட்டுவதும் தண்ணீர் வைப்பதும் கறப்பதும் பெரும்பாலும் பெண்கள். அங்கத்தவர் பதிவேட்டில் இருந்ததோ பெரும்பாலும் ஆண்களின் பெயர். பணம் அவர்கள் பெயருக்கே எழுதப்பட்டது. பெண்கள் மட்டுமே அங்கத்தவராகவுள்ள பாற்சங்கங்கள் பிற்காலத்தில் பல ஊர்களில் தோன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம்.