அட்டவணை வேண்டாம், ஆசை போதும்: தேயிலை மலைகளில் ஓட்டம்

இல்ல விளையாட்டுப் போட்டியோடு நின்றுபோன ஓட்டம்

கொழும்பில் காலை எட்டு மணிக்கு ஓடினால் சட்டை தொப்பலாக நனைந்துவிடும். நுவரெலியாவில் பத்து மணிக்கும் ஓடலாம். அங்கே சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. கிரகரி ஏரிக்கரையில் நடைபாதை உண்டு. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கங்களில் தேயிலை மலைகளை வளைத்துக்கொண்டு தோட்டத்து ரோடுகள் போகின்றன. இருந்தும், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடியதே தங்கள் கடைசி ஓட்டம் என்று சொல்பவர்கள் மலையகத்தில் எத்தனையோ பேர்.

ஓட்டம் என்றதும் பதக்கமும் நேரக் கணக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. ஹட்டன் பகுதியிலிருந்து புறப்பட்டு, தேசிய மட்டத்தில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் வென்ற குமார் சண்முகேஸ்வரனைப் போல ஓட வேண்டுமானால் கடும் பயிற்சி தேவை. உடல் நலத்துக்காகவும் மனமகிழ்ச்சிக்காகவும் ஓடுபவருக்கு அது தேவையில்லை.

ஐந்து நிமிடமும் வீணாகாது

அமெரிக்காவில் 55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2014இல் வெளியானது. ஓடும் பழக்கமுள்ளவர்களிடையே இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் மரணம், ஓடாதவர்களைவிட 45 சதவீதம் குறைவாக இருந்தது. நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், அதுவும் மெதுவாக ஓடியவர்களிடமும் பலன் தெளிவாகத் தெரிந்தது.

வாரத்துக்கு 75 நிமிட கடுமையான உடற்பயிற்சி, அல்லது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு. இதை ஒரே மூச்சில் செய்து முடிக்க வேண்டியதில்லை. இலங்கையில் நிகழும் பத்து மரணங்களில் எட்டுக்கு இதயநோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களே காரணம் என்பதால், இந்தச் சில நிமிடங்களை அலட்சியப்படுத்த முடியாது.

மலையேறி வேலை செய்பவருக்கும் ஓட்டமா?

நியாயமான கேள்வி. காலையில் கூடையோடு மலையேறி மாலைவரை கொழுந்து பறிக்கும் பெண்ணின் உடல் நாள் முழுவதும் உழைக்கிறது. ஆனால் அந்த உழைப்பில் வேகமும் ஓய்வும் அவர் கையில் இல்லை. பறித்தாக வேண்டிய கிலோ அதைத் தீர்மானிக்கிறது. ஒரே விதமான அசைவில் தோளும் இடுப்பும் தேய்கின்றன. அவருக்கு முதலில் தேவைப்படுவது ஓய்வு. அதற்குப் பிறகும் ஆசையிருந்தால், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு மைதானத்தில் ஓடும் பத்து நிமிடம் முழுக்க முழுக்க அவருடையது. கடையிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தே இருப்பவர்களோ இன்றே தொடங்கலாம்.

மேட்டில் நடை, மட்டத்தில் ஓட்டம்

சுவீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மேர் 1930களில் தம் வீரர்களைக் காட்டுப்பாதைகளில் ஓடவிட்டார். அடுத்த மரம்வரை வேகமாக ஓடலாம். களைத்தால் மெதுவாக ஓடலாம். ஃபார்ட்லெக் எனப்படும் அந்த முறை, ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும் தோட்டத்து ரோட்டுக்கு அப்படியே பொருந்தும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டிலிருந்து வருபவருக்கு முதல் சில நாட்கள் மூச்சு வாங்குவது இயல்பே. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு தடைப்பட்டால் நடக்கலாம்.

இறக்கத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. உடலின் எடையைத் தாங்கி நிறுத்த முன்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே இழுபடுவதால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ வலி தெரியும். அடிகளைச் சிறிதாக வைத்து இறங்கினால் முழங்காலும் தப்பும்.

குளவி, அட்டை, மூடுபனி

எந்த மலையில் குளவிக்கூடு இருக்கிறதென்று கொழுந்து பறிப்பவர்களுக்குத் தெரியும். கேட்டுவிட்டுப் போக வேண்டும். பல குளவிகள் கொட்டினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, தடுப்பூசிக்குப் போவதில் தாமதம் கூடாது. மழைக்காலத்தில் அட்டைகளுக்கு நீளமான காலுறை உதவும். மூடுபனியில் வாகன ஓட்டுநர்களின் கண்ணுக்குத் தெரியும்படி வெளிர்நிற உடை அணியலாம். சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டங்களில் விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் தனியாக ஓடுவதைத் தவிர்க்க வேண்டும்.

தொடங்கும் முன் யார் கவனிக்க வேண்டும்?

வயது தடையில்லை. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபௌஜா சிங், மனைவியையும் மகனையும் இழந்த துயரிலிருந்து மீள எண்பது வயதுக்குப் பிறகே ஓட்டத்தைக் கையில் எடுத்தார். 2000ஆம் ஆண்டு, 89ஆவது வயதில், லண்டன் மரதனை ஓடி முடித்தார்.

இதயநோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்களும், நெடுங்காலமாக உடற்பயிற்சியே இல்லாத நடுத்தர வயதினரும் முதலில் வைத்தியரைப் பார்ப்பது அவசியம். அரச வைத்தியசாலைகளில் அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள். ஓடும்போது நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.