கணினிப் பட்டியில் ஒரு பொலிகாளை

இன்று ஒரு பசுவுக்குச் சினை ஊசி போடுகிறோம். எந்தக் காளையின் விந்து என்று நாம் எடுத்த முடிவு சரியா, தப்பா? தெரிந்துகொள்ள, கன்று பிறக்கவே 9 மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். பிறந்தது கிடாரியானால் அது வளர்ந்து தலைக்கன்று ஈன இன்னும் இரண்டரை ஆண்டு. அதன்பின் 10 மாதம் கறந்து பார்க்க வேண்டும். ஆக 4 ஆண்டுக்கு மேல். கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பே இங்கு ஐந்தரை ஆண்டுதான். கல்லூரியில் சேர்ந்த அன்றே காளையைத் தேர்ந்தெடுத்த மாணவரும் ஒரு தலைமுறையைத்தான் பார்த்துவிட்டு வெளியேறுவார். பிறந்தது காளைக்கன்றாகிவிட்டால் அதுவும் இல்லை.

அந்த 4 ஆண்டை ஒரு பொத்தானுக்குள் அடக்குபவைதான் இனவிருத்திப் பாவனை விளையாட்டுகள். திரையில் ஒரு மந்தை. பக்கத்தில் பால் கணக்கு. மாணவர் ஜோடி சேர்த்து அழுத்தினால் அடுத்த தலைமுறை வந்து நிற்கும்.

உள்ளே நடப்பது நாணயம் சுண்டும் வேலை. அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பாலைக் கூட்டும் மரபணு 6 இடங்களில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காளைக்கும் பசுவுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்று நல்லது, ஒன்று சுமார். தாய்க்கு 6 முறை, தந்தைக்கு 6 முறை நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் கன்றுக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். பெற்றோர் இருவருக்கும் 6. கன்றுகளின் சராசரியும் 6-ஐ ஒட்டியே வரும். ஆனால் பத்துக் கன்று "பிறந்த" பிறகு பட்டியலைப் பாருங்கள்: 3 வாங்கியதும் இருக்கலாம், 9 வாங்கியதும் இருக்கலாம். ஒரு வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் ஏன் இப்படி மாறிப் போகிறார்கள் என்று வியக்கிறோமே, காரணம் இந்தச் சுண்டல்தான்.

கணினி இன்னொரு குறும்பும் செய்யும். மரபணு மதிப்பெண்ணோடு தீவனம், வெயில், கறப்பவர் கை என்று சூழலின் பங்கையும் கூட்டியோ குறைத்தோ காட்டும். மாணவர் கண்ணுக்குத் தெரிவது மொத்தம் மட்டுமே. மந்தைச் சராசரி 10 லிட்டர் என்றால் அவர் 14 லிட்டர்க்காரிகளைப் பொறுக்கி, திரையில் அதே அளவு மேலான மதிப்பெண் காட்டும் காளைகளோடு சேர்ப்பார். மகள்களும் 14 தரும் என்று காத்திருப்பார். வருவதோ 11.2. பால் அளவில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 விழுக்காடுதான் மரபுவழி இறங்கும். கூடுதல் 4 லிட்டரில் 1.2 தங்குகிறது. இந்தச் சூத்திரத்தைப் பாடப் புத்தகத்தில் படிப்பவர்கள் மறந்துவிடலாம். தாமே பொறுக்கிய பசுவிடம் ஏமாந்தவர்கள் மறக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆசிரியர் கொஞ்சம் கொடூரமானவராக இருந்தால், பட்டியின் மிகச் சிறந்த காளைக்குள் ஓர் ஒடுங்கு மரபணுவை ஒளித்து வைக்கலாம். இது கற்பனையல்ல. 1962-இல் அமெரிக்காவில் பிறந்த பானி ஃபார்ம் அர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள், 5 லட்சம் பேத்திகள். பால் கொட்டியது; அதன் மரபணுக்களால் கிடைத்த கூடுதல் பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதனுள் பழுதான ஒரு மரபணுவும் இருந்தது. ஒரு பிரதி இருந்தால் தீங்கில்லை. சீஃபின் வம்சம் சீஃபின் வம்சத்தோடே சேரும்போதுதான் வினை: இரு பக்கமும் அதைச் சுமந்தால், நான்கில் ஒரு கரு வயிற்றிலேயே கலையும். உலகெங்கும் 5 லட்சம் கருக்கள் இப்படிப் போயிருக்கும் என்பது கணிப்பு. பண்ணைக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் "மாடு சினை நிற்கவில்லை" என்பதுதான்.

அந்தப் பழுது 2011-இல்தான் பிடிபட்டது, அதுவும் இல்லாமையால். ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபுத் தரவை அலசிய அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு குறிப்பிட்ட மரபணுத் துண்டு ஒற்றையாகப் பல மாடுகளில் இருந்தும், இரட்டையாக ஒன்றில்கூட இல்லை என்று கவனித்தார்கள். இரட்டையாகப் பெற்றவை பிறக்கவே இல்லை.

திரையில் இதே கதை நாலைந்து தலைமுறையில் முடிந்துவிடும். கன்று எண்ணிக்கை குறையும்போது, பால் வரிசையில் முதலிடத்தில் நிற்கும் காளையை மாணவர் சந்தேகிப்பாரா? நானாக இருந்தால் முதலில் தீவனத்தைத்தான் குறை சொல்லியிருப்பேன்.

விளையாட்டுக்கும் தொழிலுக்கும் இடையே சுவர் ரொம்ப மெல்லியது. டாலி என்ற படியாக்கச் செம்மறி பிறந்த எடின்பரோவை ஒட்டிய ராஸ்லின் நிறுவனத்தில் உருவான ஆல்ஃபாசிம்ஆர் என்ற மென்பொருளும் கன்றுகளைக் கணினியில் பிறக்க வைப்பதே. இனவிருத்தித் திட்டம் வகுப்பவர்கள் இத்தகைய மென்பொருளில் ஒரே திட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நாணயம் வேறு மாதிரி விழும்; விடையும் மாறும். அந்த விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்த பிறகுதான் மாட்டின் பக்கம் போகிறார்கள்.