ரோஜாவும் இலையும் ஏன் விலகுகின்றன?

பூப்போட்ட பனியன் துணி ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். சிவப்பு ரோஜாவும் பச்சை இலையும் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா? அல்லது ரோஜா ஒரு பக்கம் இலைமேல் ஏறி, மறுபக்கம் வெள்ளைக் கோடு தெரிகிறதா? அச்சிடும்போது துணி இழுபட்டதால் அப்படி நேர்ந்திருக்கலாம். நாம் எளிதில் எண்ணிப் பார்க்காத இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் நேரப் பிழை.

நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள திருப்பூர் பின்னலாடைக்குப் பெயர் பெற்ற ஊர். பின்னிய துணியில் வண்ணம் அச்சிடும் ஆலைகளும் அப்பகுதியில் உண்டு. சுழல் உருளை அச்சு இயந்திரத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் உருளை இருக்கும். உருளையின் நுண்துளைகள் வழியே சாயக்கூழ் இறங்கி, அடியில் ஓடும் துணியில் பதியும். பழைய இயந்திரங்களில் எல்லா உருளைகளையும் ஒரே நீண்ட தண்டு பற்சக்கரங்களால் சுழற்றியது. புதிய இயந்திரங்கள் பலவற்றில் ஒவ்வோர் உருளைக்கும் தனி மோட்டார். அவற்றை ஒன்றாக இயங்கச் செய்வது கம்பி வழியே கணிப்பொறி அனுப்பும் செய்திகளே.

ஒரு சிறு கணக்கு

துணி நிமிடத்திற்கு 60 மீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அதாவது வினாடிக்கு 1 மீட்டர். அப்படியானால் 1 மில்லி வினாடியில் துணி 1 மி.மீ. நகர்ந்துவிடும். பச்சை உருளை அவ்வளவு பிந்தினால் இலையும் 1 மி.மீ. தள்ளி விழும்.

தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் கவலையில்லை. இயந்திரத்தை இயக்குபவர் தொடக்கத்திலேயே உருளையை 1 மி.மீ. நகர்த்தி வைத்துச் சரிசெய்துவிடுவார். தாமதம் ஒரு முறை கூடி, மறுமுறை குறைந்தால் என்ன செய்வது? எந்தப் பக்கம் நகர்த்துவது? இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பொறியாளர்கள் 'ஜிட்டர்' என்கிறார்கள். நாம் 'நேர நடுக்கம்' எனலாம்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது?

கணிப்பொறிகளை இணைக்கும் ஈதர்நெட் முறை 1973-இல் அமெரிக்காவில் உருவானது. அதன் தொடக்க வடிவில் எல்லோருக்கும் ஒரே கம்பி. இரு செய்திகள் மோதினால், இரண்டும் குலுக்கல் போட்டதுபோல் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மீண்டும் புறப்படும். கடிதம் அனுப்ப இது போதும். மோட்டாரை ஓட்டப் போதாது. ஆகவே, ரயில்வே கால அட்டவணைபோல் ஒவ்வொரு செய்திக்கும் நேரம் குறித்துவிடும் வலையமைப்புகள் வந்தன. 2003-இல் வெளிவந்த ஈதர்கேட் அவற்றில் ஒன்று. மோட்டார்களின் கடிகாரங்களை அது ஒன்றோடொன்று இசைவிக்கிறது. நடுக்கம் 1 மைக்ரோ வினாடிக்கும் கீழே அடங்குகிறது. நம் துணியில் அது 1 மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

அளப்பது எப்படி?

1000 மைக்ரோ வினாடிக்கு ஒரு செய்தி வர வேண்டும். ஐந்து செய்திகள் 1000, 2004, 2997, 4001, 5006 என்ற நேரங்களில் வந்தன என்று வைத்துக்கொள்வோம். குறித்த நேரத்திலிருந்து விலகல் 0, +4, -3, +1, +6. மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்தால் 9 மைக்ரோ வினாடி. இதுவே நடுக்கத்தின் வீச்சு.

சராசரி போதாதா? போதாது. லட்சம் செய்திகளில் ஒன்று மட்டும் 2000 மைக்ரோ வினாடி பிந்துவதாகக் கொள்வோம். சராசரி வெறும் 0.02 மைக்ரோ வினாடியே மாறும். தாளில் எல்லாம் நலமாகவே தோன்றும். ஆனால் லட்சம் செய்திகள் வர 100 வினாடி ஆகும். அதற்குள் ஓடுவது 100 மீட்டர் துணி. அதாவது 100 மீட்டருக்கு ஒருமுறை உருளை தடுமாறும். அல்லது செய்தி வராததைக் கண்டு இயந்திரம் நின்றுவிடும். இரண்டிலும் துணிக்குத்தான் நஷ்டம். எனவே சில நிமிடங்கள் அளந்தால் போதாது; பல மணி நேரம் அளந்து, மிக மோசமான விலகல் எது என்று தேட வேண்டும். அளக்கும் கடிகாரமும் அளக்கப்படுவதைவிட நிலையானதாக இருக்க வேண்டும்.

நீங்களும் செய்யலாம்

குழாயைச் சொட்டுச் சொட்டாக விழும்படி திறந்து வையுங்கள். செல்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒருமுறை அழுத்தி, 20 இடைவெளிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மிகப் பெரிய இடைவெளியிலிருந்து மிகச் சிறியதைக் கழியுங்கள். பிறகு சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் துடிக்கும்போதெல்லாம் அழுத்தி, அதே கணக்கைப் போடுங்கள். முள் ஒழுங்காகத்தான் துடிக்கிறது. இப்போது கிடைப்பது உங்கள் விரலின் நடுக்கம்! சொட்டின் வீச்சு விரலின் வீச்சைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால் மட்டுமே, குழாயைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.